சுரை விதையும் ஒரு துண்டுச் சீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடிப்பட்டம் நெருங்கிவிட்டது. ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் மாடித்தோட்டக்காரர்கள் கல்யாண மண்டபத்திலும் கோயில் திடலிலும் கூடி விதை மாற்றிக்கொள்ளும் நாட்கள் இவை. நானும் ஏழு வருசமாகப் போய்வருகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வருசம் பவானியில் நடந்த கூட்டத்தில் என்னிடமிருந்த தட்டைப்பயறைக் கொடுத்துவிட்டு, ஒரு அம்மாவிடம் குண்டுச்சுரை விதை ஆறு வாங்கிவந்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் மடித்து, மேலே ‘சுரை’ என்று மட்டும் எழுதியிருந்தார். கொடி மொட்டைமாடிப் பந்தலை மூடிக்கொண்டு படர்ந்தது. புரட்டாசியில் முதல் காய். சனிக்கிழமை விரதச் சாப்பாட்டுக்கு அதையே பறித்துப் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தேன்.

எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், சுரைக்காய் அரிந்தால், காம்புப் பக்கம் ஒரு சில்லை நுனிநாக்கில் வைத்துப் பார்க்காமல் அடுப்பில் ஏற்றமாட்டார். கடைக்காயே வாங்கிப் பழகிய எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. வீட்டுக்காரர் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தார். நம் வீட்டுக் காய் ஆயிற்றே, நான் சங்கடப்படுவேன் என்று இரண்டாவது வாயையும் விழுங்கியிருக்கிறார், பாவம். மூன்று மணிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். ராத்திரி முழுக்க டிரிப்ஸ் ஏறியது. சுரை, வெள்ளரி வகைக் காய்களில் வரும் அந்தக் கசப்புக்கு குக்கர்பிட்டாசின் என்று பெயராம். அது விஷம், வேகவைத்தாலும் போகாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். “ஏனுங்க, நாங்க அந்தக் காயத்தானுங்க வருசம் பூரா தின்னோம், துளிகூட கசக்கலீங்களே” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் கசக்கிற பேய்ச்சுரை ஏற்றிவிட்டிருந்தார். பேரன்கள் கிணற்றில் நீச்சல் பழக முதுகில் கட்டிக்கொள்ளும் சுரைப்புருடைக்காக, காய்ந்த சுரைக்குடுக்கைக்காக! சுரைப்பூ பொழுது சாய்ந்துதான் விரியும். ராத்திரி அந்துப்பூச்சி அங்கேயும் இங்கேயும் உட்கார்ந்து மகரந்தத்தைக் கலந்துவிடும். கலந்த வருசத்தில் காய் தாய்க்கொடியின் ருசியில்தான் இருக்கும். கசப்பு விதைக்குள் ஒளிந்துகொண்டு அடுத்த வருசம், வாங்கியவர் பந்தலில் வெளியே வரும். கொடுத்தவருக்குத் தெரிய வழியே இல்லை.

அரசுச் சான்றோடு விற்கும் சான்று விதைக்காகச் சுரை போடுகிறவர்கள் வேறு சுரை 500 மீட்டருக்குள் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்தச் சான்று விதைக்கே மூலமான ஆதார விதை என்றால் 1,000 மீட்டர். நம் மாடிக்கும் அடுத்த மாடிக்கும் பத்தடி இருந்தால் பெரிது. ஆகவே சுரை, பூசணி, பீர்க்கன் விதை கொடுக்கிறவர்கள், நாளை விரியப்போகும் பெண்மொட்டை முதல் நாளே துணிப்பையால் கட்டி, ஆண்பூவைக் கையால் தொட்டுச் சேர்த்து, அந்தக் காயை மட்டும் விதைக்கு விட வேண்டும். தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தம் பூவிலேயே சேர்ந்துகொள்கிற சாதி, அவற்றில் இந்தப் பயம் குறைவு. ஆனால் தக்காளி விதையின் தோலில் மொசைக் வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும். வெளியே வாங்கிய தக்காளி விதையை நான் இப்போது தனிப் பையில் வளர்த்து, இலை சுருங்காமல் தெளிவாக வந்த பிறகே மற்றதோடு சேர்க்கிறேன்.

என் தட்டைப்பயறும் யோக்கியமில்லை. “நீங்க குடுத்த பயறு பூரா ஓட்டைங்க, டப்பாவத் தொறந்தா வண்டு பறக்குது” என்று அந்த அம்மாவும் அதே போனில் சொல்லிவிட்டார். கொடுத்தபோது விதை பளபளவென்றுதான் இருந்தது, புழு உள்ளே இருந்திருக்கிறது. அமுச்சி துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்ததும், சுரை விதையைச் சாணியில் பொதிந்து சுவரில் அப்பியதும் சும்மா இல்லை.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் சட்டைப்பையில் கொண்டுவந்த மிளகாய், தக்காளி விதைகளும் இந்தக் கூட்டங்களில் கைமாறுகின்றன. பூச்சி, நோய் இல்லை என்று அந்த நாடு கொடுக்கும் நலச்சான்று இல்லாமல் வெளிநாட்டு விதையைக் கொண்டுவரக் கூடாது என்று 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இருக்கிறது. கோவையில் 2008இல் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி யாருக்கும் மறந்திருக்காது. அது விதையில் வந்த பூச்சி என்று நான் சொல்லவில்லை, வெளியிலிருந்து வந்த பூச்சி என்கிறேன். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றிலும் வெள்ளை அப்பியது. 2010இல், அந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்துத்தான் அதை அடக்கினார்கள். அதற்குள் எங்கள் வாசல் பப்பாளி இரண்டும் போய்விட்டன.

விதை மாற்றுவதை நிறுத்தச் சொல்லவில்லை, நான் இந்த வருசமும் போவேன். கூட்டம் நடத்துகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். வாசலில் ஒரு மேசை போட்டுத் துண்டுச் சீட்டும் பேனாவும் வையுங்கள். ரகம், ஊர், பறித்த மாதம், பக்கத்தில் என்ன கொடி இருந்தது, கட்டிச் சேர்த்ததா, மருந்து தடவிய கடை விதையா என்று எழுதாத பொட்டலத்தை உள்ளே விடாதீர்கள்.

பவானி அம்மா இப்போது வேறு சுரை விதை அனுப்பியிருக்கிறார். கவரில் பென்சிலால், ‘பை கட்டிச் சேர்த்தது. மாசியில் பறித்தது. ருசி பாத்துட்டுச் சமைங்க’ என்று இருக்கிறது. மூன்று விதை ஊன்றியிருக்கிறேன். வீட்டுக்காரர் பந்தல் பக்கமே வருவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்.