தோளில் எது, பெட்டியில் எது

மண்டபம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். வாடைக்காற்று இன்னும் அடங்கவில்லை. வடகடலில் வள்ளம் இறக்க முடியவில்லை. தென்கடல் தெளிந்து கிடக்கிறது, குந்துகால் பக்கம் அடிமணல் வரை தெரிகிறது.

நேற்று நீ கேட்டதற்குப் பாதி பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. லட்சத்தீவில் இருக்கும் கடமத் தீவுக்குப் பவளப்பாறை சர்வே எடுக்கப் போகிறாய், கையோடு கொண்டுபோக எந்தப் பை வாங்குவது என்று கேட்டாய். போனில் சொன்னால் மறந்துவிடுவாய், அதனால் எழுதிவிடுகிறேன். இத்தனை வருஷம் ஆய்வுக் குழுவின் ஸ்கூபா முக்குளிப்புச் சாமான்களைக் கழுவி, காயவைத்து, கட்டி அனுப்பியவன் நான். என் மகள் போகும்போது சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லப்போகிறேன்?

கடையில் நிறத்தையும் கம்பெனிப் பெயரையும் பிறகு பார்த்துக்கொள். முதலில் காலிப் பையைத் தூக்கி எடை பார். உள்நாட்டு விமானத்தில் கையில் கொண்டுபோக பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 115 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். 55, 35, 25 என்றால் சரியாக வரும். சக்கரமும் கைப்பிடியும் இந்த அளவில் சேர்த்தி, அதனால் அளவுநாடாவைக் கையில் கொண்டுபோ. கெட்டியான டிராலிப் பெட்டி வெறுமையாகவே 3 கிலோ வரும். மிச்சம் 4 கிலோவில் என்ன வைப்பாய்? மூச்சு விடும் ரெகுலேட்டர், அவசரத்துக்கு இருக்கும் இன்னொரு வாய்க்குழாயான ஆக்டோபஸ், அழுத்தம் காட்டும் கேஜ் எல்லாம் சேர்ந்து 2 கிலோ. டப்பாவோடு மாஸ்க், அதாவது முகக் கண்ணாடி, அரைக் கிலோ. லேப்டாப் ஒன்றரை. கேமராவும் பேட்டரிகளும் ஒன்று. மாற்றுத்துணியும் மருந்தும் அரை. ஐந்தரைக் கிலோ ஆகிவிட்டது. அப்படியென்றால் காலிப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடாது. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் கடையில் அடுக்கியிருக்கும் பைகளில் பாதிக்கு மேல் தானாகக் கழிந்துவிடும்.

ஆகவே சக்கரம் வேண்டாம், தோளில் மாட்டும் பையே வாங்கு. விமான நிலையத் தரையில் சக்கரம் சுகமாகத்தான் ஓடும். அகத்தித் தீவில் இறங்கிப் படகேறி, கடமத்தில் மணலில் நடக்கும்போது அது வெறும் சுமை. சக்கரம் வேண்டுமென்றால் செக்-இன் பெட்டிக்கு இருக்கட்டும். இடுப்புப் பட்டை உள்ள பையாக இருந்தால் இன்னும் நல்லது, படகில் ஏறும்போது இரண்டு கையும் உனக்கு வேண்டும்.

கையில் எது, பெட்டியில் எது என்பதில் தயவுசெய்து அப்பா சொல்வதைக் கேள். ரெகுலேட்டர், மாஸ்க், ஆழமும் நேரமும் கணக்குப் பார்க்கும் டைவ் கம்ப்யூட்டர் இந்த மூன்றும் உன்னைவிட்டுப் பிரியக்கூடாது. மிதவை அங்கியான பிசிடி, காலில் மாட்டும் துடுப்பு, நீருக்குள் போடும் வெட்சூட் வந்து சேராவிட்டால் டைவ் சென்டரில் வாடகைக்கு வாங்கி வேலையை முடித்துவிடலாம். காற்றுச் சிலிண்டரும் இடுப்பில் எடைக்குக் கட்டும் ஈயமும் எப்படியும் அங்கேதான் எடுப்பாய். நீ மூச்சு விடும் கருவி அப்படி இல்லை. அதை யார் கழுவினார்கள், எப்போது சர்வீஸ் ஆனது, வாயில் எப்படி உட்காரும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒரு பையன் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு அனுப்பினான். பெட்டி வந்து சேர்வதற்குள் சர்வே முடிந்துவிட்டது. மற்றவர்கள் இறங்க இறங்க, அவன் படகில் உட்கார்ந்து நேரம் குறித்துக்கொண்டிருந்தான். கெட்டிக்காரப் பையன், அவன் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

மாஸ்க் விஷயம் உனக்கே தெரியும். கீழக்கரையில் சங்கு குளிக்கப் போன காலத்தில் உன் பெரியப்பா காலில் கட்டும் தகட்டைக்கூட இரவல் கொடுப்பார், முகக் கண்ணாடியைக் கொடுக்க மாட்டார். அது அவர் முகத்துக்குப் படிந்த கண்ணாடி. கம்ப்யூட்டரும் உன்னுடையதாகவே இருக்கட்டும். நேற்று இன்னொருவர் கட்டிக்கொண்டு இறங்கிய கம்ப்யூட்டருக்கு உன் உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

பை பெட்டி போல முழுசாகத் திறக்க வேண்டும். மேலே மட்டும் வாய் உள்ள பையில் அடியில் கிடப்பதை எடுக்க எல்லாவற்றையும் கொட்ட வேண்டியிருக்கும். ஜிப்பைக் கவனமாகப் பார். பல் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உலோக ஜிப் உப்புக்காற்றில் களிம்பேறி ஒருநாள் நடுவழியில் இறுகிக்கொள்ளும். மூலையில் ஜிப் வளையும் இடத்தில் நாலு தடவை இழுத்துப் பார். பெரிதாக டைவிங் கம்பெனிப் பெயர் அச்சடித்த பை வேண்டாம். உள்ளே விலைகூடிய சாமான் இருக்கிறது என்று நாமே ஊருக்குச் சொல்வானேன்?

இனி அடுக்கும் முறை. ரெகுலேட்டர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சிலிண்டரில் பொருத்தும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் தூசி மூடியை இறுக்கி, அதைப் பருத்திச் சட்டையில் சுற்றி, பையின் நடுவில், உன் முதுகுப் பக்கமாக வை. குழாய்களைச் சோற்றுத் தட்டு அகலத்துக்கு வட்டமாகச் சுருட்டு, அதற்கும் சின்னதாக வேண்டாம். குழாய் உலோகத்தோடு சேரும் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சுருட்டு. அந்த இடத்தில் மடிப்பு விழுந்தால் ரப்பர் அங்கேதான் வெடிக்கும். வாயில் கடிக்கும் ரப்பர் மேல் எந்தப் பாரமும் வரக்கூடாது, நசுங்கிய வாக்கிலேயே நின்றுவிடும். மாஸ்க் டப்பாவுக்குள் கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றி வைத்தால் இடம் மிச்சம்.

கொச்சியிலிருந்து அகத்திக்குப் போவது சின்ன ஏடிஆர் விமானம். மேலே பை வைக்கும் தட்டும் சின்னது. ஏறும் இடத்தில் உன் பையைக் கேட்டு வாங்கிக் கீழே போட்டுவிடலாம். அதற்காகத்தான் அம்மா பழைய ரெயின்கோட் துணியில் உள்பை ஒன்று தைத்திருக்கிறாள், உள்ளே போர்வைத் துண்டு வைத்து, இழுகயிறு போட்டு. ரெகுலேட்டர், கம்ப்யூட்டர் வைத்த மாஸ்க் டப்பா, பேட்டரி மூன்றும் அதில் இருக்கட்டும். பையைக் கேட்டால் உள்பையை உருவிக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடு. தனி லித்தியம் பேட்டரிகளைப் பயணிகள் அறையில் தவிர வேறெங்கும் வைக்கக்கூடாது என்பது விதி, அதனால் பேட்டரி இருக்கிறதா என்று யாரும் கேட்காவிட்டாலும் அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

100 வாட்-அவர் வரை உள்ள பேட்டரிக்கு அனுமதி கேட்க வேண்டாம். உன் டைவ் டார்ச்சில் போடும் செல் ஒன்று 12, 13-தான் வரும். ஆனால் அந்த டார்ச்சுக்கு விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டு ஒப்புதல் வாங்கு. அது தண்ணீருக்கு வெளியே எரிந்தால் கொதிக்கும் என்பது உனக்குத் தெரியும். செல்லை வெளியே எடுத்து, முனைகளில் டேப் ஒட்டி, தனித்தனியாகப் போடு. பாதுகாப்புச் சோதனையில் ரெகுலேட்டரைப் பார்த்து நிறுத்துவார்கள். பித்தளையும் குழாயுமாக எக்ஸ்-ரேயில் தெரிந்தால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். நிதானமாக எடுத்துக் காட்டி, கடலுக்கடியில் மூச்சு விடும் கருவி என்று சொல். சர்வேக் கடிதத்தின் நகல் ஒன்று மேல்பையில் இருக்கட்டும்.

கத்தி, ஸ்பேனர், ஆலன் கீ எல்லாம் பெட்டிக்கு. துடுப்புகளைப் பெட்டியின் இரண்டு ஓரமும் சுவராக நிறுத்தி, நடுவில் காற்றில்லாத பிசிடி, மேலே வெட்சூட். அவ்வளவுதான்.

திரும்பும்போதுதான் எல்லோரும் அவசரப்படுவார்கள். கடைசி முங்கு முடிந்து குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறாதே. மேலே போகப் போக விமானத்துக்குள்ளும் காற்றழுத்தம் குறையும், உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகிவிடும். பல நாள் தொடர்ந்து இறங்கியிருப்பாய், ஒரு முழு நாள் விட்டால் அப்பாவுக்கு நிம்மதி. அந்த நேரத்தில் சாமானைக் காயவை. அங்கேயும் நம் ஊரைப் போல நல்ல தண்ணீருக்குக் கஷ்டம்தான், ஆனாலும் உவர்த் தண்ணீரில் அலசாதே. ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டு வாங்கு. முதலில் ரெகுலேட்டர், பிறகு கம்ப்யூட்டரும் மாஸ்க்கும், கடைசியில் அதே தண்ணீரில் பையின் ஜிப். தூசி மூடியைப் போட்டபிறகு நனை. தண்ணீரில் இருக்கும்போது வாய்ப்பக்கம் காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை அமுக்காதே, உப்பு உள்ளே போய்விடும். நிழலில் தொங்கவிடு. ஈரத்தோடு அடுக்கினால் போகும்போது 7 கிலோ இருந்த பை வரும்போது 8 காட்டும்.

உள்பையைச் சேது எக்ஸ்பிரஸில் வரும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன், எழும்பூரில் வாங்கிக்கொள். பை வாங்கியதும் எல்லாவற்றையும் வைத்து, தராசில் மாட்டி, எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பு. ஏழைத் தாண்டினால் எதை எடுப்பது என்று இருவருமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா