கொட்டகையில் கிடக்கும் சறுக்குப் பலகைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தேவகோட்டையில் மர பாலிஷ் வேலை செய்பவன். வயது 58. பதினான்கு வயதில் தாய்மாமனோடு உப்புத்தாளும் அரக்கு டப்பாவும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அன்று முதல் இந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனையோ வீடுகளின் நிலைக்கதவுகளையும் தூண்களையும் தேய்த்திருக்கிறேன். இந்தக் கடிதம் கதவையும் தூணையும் பற்றியதன்று. படகு முன்னால் இழுத்துச் செல்ல, காலில் பலகையைக் கட்டிக்கொண்டு கடல்மேல் சறுக்கிப் போகிறார்களே, அந்த நீர்ச்சறுக்குப் பலகைகளைப் பற்றியது. மழை மாதங்களில் அவற்றைப் போட்டுவைத்திருக்கும் விதம் எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில், என் தங்கை மகன் நண்பர்களோடு கடற்கரைக்குப் போனான். அவனுக்கு வயது 19. ஓரிடத்தில் நீர்ச்சறுக்கு விளையாட்டு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் பணம் கட்டி ஏறியிருக்கிறான். அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். படகு வேகமெடுத்ததும் நன்றாகவே எழுந்து நின்றிருக்கிறான். கொஞ்ச தூரம் போவதற்குள் இடது காலைப் பிடித்திருந்த ரப்பர் உறை குதிகாலருகே கிழிந்துவிட்டது. அந்தப் பலகை தனியே போய்விட, வலது கால் மட்டும் பலகையோடு மாட்டிக்கொண்டது. விழுந்த வேகத்தில் கணுக்கால் திருகி, ஆறு வாரம் மாவுக்கட்டு. "கால் வெளியே வரவே இல்லை மாமா" என்று அவன் சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. படகில் இருந்தவர்கள் உடனே திரும்பி வந்து தூக்கியதால் பிழைத்தான்.

மறுவாரம் நானே அங்கே போனேன். கிழிந்த ரப்பரை வாங்கி விரலால் மடக்கிப் பார்த்தேன். சித்திரை மாதத்துக் கண்மாய்த் தரைபோல் பொடிப்பொடியாக வெடிப்பு. உரிமையாளர், "போன வருடம் வாங்கிய சாமான் ஐயா, ஒரு சீசன்கூட முழுதாக ஓடவில்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஓடாமல் கிடந்த மாதங்களில்தான் அது கெட்டிருக்கிறது. கொட்டகையைப் பார்த்தேன். தகரக் கூரை. மேற்குப் பக்கம் மறைப்பே இல்லை. உப்பைக் கழுவாமல் பலகைகளைச் சுவரில் சாய்த்துவைத்திருக்கிறார்கள். துருப்பிடித்த ஆணியில் இழுவைக் கயிறு தொங்குகிறது. மிதவை அங்கிகள் ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க, அவற்றின்மேல் டீசல் கேன்.

அன்று அவரிடம் கோபமாகத்தான் பேசிவிட்டு வந்தேன். ஆனால் அந்த ஐப்பசியில் அவரே நான்கு ஜோடிப் பலகைகளையும் கயிறுகளையும் மிதவை அங்கிகளையும் வண்டியில் ஏற்றி என் வீட்டுத் திண்ணைக்கு அனுப்பிவைத்தார். என் மகன் படித்துச் சொல்லச் சொல்ல, என் கைக்குத் தெரிந்ததையும் சேர்த்து வேலை பார்த்தேன். இப்போது இரண்டு மழைக்காலம் பார்த்தாகிவிட்டது. அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

ஐப்பசி பிறந்து வாடைக் காற்று கிளம்பிவிட்டால் பாக் விரிகுடாவில் விளையாட வழியில்லை. அமைதியாக இருப்பதால் பெண் கடல் என்று பெயர் வாங்கிய அந்தக் கடல்தான் அப்போது அலையடித்துக் கலங்கிக் கிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. எங்கள் தொழிலுக்கும் அதே மாதங்கள்தான் முடக்கம். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும்போது காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு பால்போல் வெளுத்துவிடும். அதனால் கார்த்திகையில் எவரும் கதவுக்குப் பாலிஷ் போடக் கூப்பிடுவதில்லை. கடற்கரையில் பலகைகள் சும்மா கிடக்கின்றன, இங்கே எங்கள் கைகள் சும்மா இருக்கின்றன. நடுவில் ஒரு மணி நேரப் பயணம்தான்.

பாலிஷ் என்றால் மினுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். மினுக்கு கடைசியில் தானாக வருவது. ஒரு பலகையைக் கழுவி, தேய்த்து, மெழுகு போட்டு முடிப்பதற்குள் அதன்மேல் கை படாத இடமே இருக்காது, கை போன இடமெல்லாம் கண்ணும் போகும். சீசன் நாட்களில் ஒருவர் இறங்கியதும் அடுத்தவர் ஏறுகிறார், அந்த அவசரத்தில் எவராலும் ஒரு பலகையை இப்படி உட்கார்ந்து பார்க்க முடியாது.

முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பு காய்ந்து மாவாக ஒட்டியிருக்கும்போது உப்புத்தாளால் தேய்த்தால் பலகையெல்லாம் கீறல். கழுவி நிழலில் உலர்த்திய பிறகு நான் செய்வது தட்டிப் பார்ப்பது. இது என் மாமா சொல்லிக் கொடுத்தது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய பழைய சுவரானாலும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையானாலும், விரல் கணுவால் தட்டிக்கொண்டே போவார். உள்ளே பிடிப்பு விட்டிருந்தால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் மாறும். இன்றைய சறுக்குப் பலகை மேலே ஃபைபர், உள்ளே கெட்டி நுரை. ஓரத்தில் ஒரு சிறு வெடிப்பு இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய் நுரையிலிருந்து மேல்தோல் விட்டுப்போகும். அந்த இடத்தைத் தட்டினால் செத்த சத்தம் வரும். நான்கு ஜோடியில் ஒரு பலகை அப்படி இருந்தது. அதன் ஜோடியைவிட எடையும் கூடியிருந்தது. வெடிப்பின் வாயைத் திறந்து, உள் ஈரம் முழுக்கக் காயும்வரை காத்திருந்தேன். பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஈரத்தின்மேல் ரெசின் என்ற, காய்ந்தால் இறுகும் பிசினை வைத்து மூடினால் தண்ணீரை உள்ளேயே பூட்டிவைத்ததாகிவிடும். ரெசின் வேலைக்கு மட்டும் மழை விட்டு வெயில் தலைகாட்டும் நாளாகப் பார்க்க வேண்டும். மற்ற வேலைகளை அடைமழையிலும் செய்யலாம்.

கீறல்களுக்கு 400 நம்பர் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு அதைவிட நைசான 600, பிறகு 1000. அதன்மேல் கார்ப் பட்டறைகளில் போடும் ரப்பிங் காம்பவுண்டு, கடைசியில் கார்னாபா மெழுகு. பிரேசில் நாட்டில் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து இந்த மெழுகை எடுக்கிறார்கள். நம் பக்கத்துப் பனையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதைக் கேட்டபோது மனம் நிறைந்தது. கால் வைத்து நிற்கும் இடத்தில் மெழுகு படக் கூடாது.

திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எவர்சில்வரும் அலுமினியமும் உப்புநீரில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பூத்துவிடும். பிறகு திருகாணி கழலாது, அல்லது ஓடும்போது தானே கழன்றுவிடும். பலகையின் அடியில் பின்பக்கம் நிற்கும் ஃபின் தகட்டைக் கழற்றுவதற்கு முன் அது நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நூலளவு மாறினாலும் பலகை திரும்பும் விதம் மாறும்.

ரப்பர் உறைதான் என் தங்கை மகனின் காலைக் கெடுத்தது என்பதால் அதில் எனக்குப் பிடிவாதம் அதிகம். வெயிலும் உப்பும் அதற்கு ஆகாது. மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, உட்பக்கம் ஒட்டாமல் இருக்க முகப்பவுடர் தூவி, வடிவம் கெடாதபடி பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே வைக்க வேண்டும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் கடற்கரையில் பார்த்தேன். மண்ணெண்ணெயால் துடைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். எண்ணெய் பட்ட ரப்பர் உப்பிப் பலம் இழக்கும். எல்லா இடத்தையும் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அறுத்துப் போட்டுவிட்டுப் புதியது மாட்டுங்கள். ஒட்டுப் போடும் இடம் அதுவன்று.

கயிற்றில் முடிச்சு விழுந்திருந்தால் அந்த இடத்தில் பலம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று பொருள். இழை பிசிறிய கயிறும், வெயிலில் வெளுத்துச் சொரசொரப்பான கயிறும் அப்படியே. கைப்பிடியின் உறை பிளந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தொங்கவிட ஆணி வேண்டாம், மரமுளை போதும்.

மிதவை அங்கிகளை எலி கடிக்கும். உள்ளே இருக்கும் நுரையை அழுத்திப் பார்த்தால் பழையபடி எழும்ப வேண்டும், அழுந்தியே கிடந்தால் அது உயிரைத் தாங்காது. என் மகனும் அவன் நண்பர்களும் ஒவ்வோர் அங்கியையும் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கிச் சோதித்தார்கள். கார்த்திகையில் எங்கள் பக்கம் தண்ணீருக்குக் குறைவில்லை. குடிதண்ணீர் ஊருணியில் கால் வைக்கக் கூடாது என்பதால் குளிக்கிற ஊருணிக்குப் போனார்கள். பதினொன்றில் மூன்று அங்கிகள் தேறவில்லை. அவற்றைக் கத்தியால் கிழித்துவிட்டுத்தான் குப்பையில் போட்டேன். முழுதாகப் போட்டால் யாராவது எடுத்துப் பிள்ளைக்கு மாட்டிவிடுவார்கள்.

மர ஜோடி ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்து ஊரில் ஓர் ஆச்சி வீட்டில், இரண்டாங்கட்டுப் பரணிலிருந்து கிடைத்தது. அவருடைய கணவர் மலேயாவில் இருந்தபோது பினாங்கில் சறுக்கப் பழகியவராம். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கிய சாமான்களோடு அந்தப் பலகைகளும் வந்திருக்கின்றன. "அவுகளுக்குப் பிறகு யாரும் தொடவில்லை தம்பி, நீயே பார்த்துச் செய்" என்று கொடுத்தார். நான் பழக்கத்தில் அரக்குப் பாலிஷ் போட்டு முடித்துவிட்டேன். ஒரு சந்தேகத்தில் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துக் காலையில் பார்த்தால் வெள்ளை வட்டம். அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டு, படகுக்குப் பூசும் வார்னிஷை மெல்லியதாக நான்கு தடவை பூசினேன், ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் லேசாகத் தேய்த்து. மரப் பலகையைச் சுவரில் சாய்த்தால் வளைந்துவிடும், படுக்கவைக்க வேண்டும். 1922இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ரால்ப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன், எட்டடிப் பலகைகளின் முனையைக் கொதிநீரில் பதப்படுத்தி வளைத்து, பெபின் ஏரியில் சறுக்கிக் காட்டியதுதான் இந்த விளையாட்டின் தொடக்கம் என்று மகன் படித்துச் சொன்னான். ஒரு மரவேலைக்காரன் செய்யக்கூடிய காரியம். அதனால்தானோ என்னவோ, இந்தப் பலகைகள் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

மீனவர்களைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள், வர்ணம் அடிக்கிறார்கள், வலையைச் சரிசெய்கிறார்கள். அதிகாரிகளும் வந்து படகுகளை ஆய்வு செய்கிறார்கள். விளையாட்டுப் படகின் பின்னால் கட்டி இழுக்கப்படும் பிள்ளைக்கு அந்தக் கவனிப்பு வேண்டாமா? பொங்கலுக்குப் பிறகு நீர் விளையாட்டை மீண்டும் தொடங்கும்முன், பலகை, ரப்பர் உறை, கயிறு, மிதவை அங்கி நான்கையும் ஒருவர் நேரில் வந்து பார்க்கட்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நம்பர் எழுதி, எப்போது கழுவியது, என்ன மாற்றியது என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கட்டும். மழை வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடும் பையன்களை அனுப்பாமல், இந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளட்டும். ரெசின், ரப்பர் நீங்கலாக, உப்புத்தாள், மெழுகு, சோப்பு எல்லாம் சேர்த்து ஒரு ஜோடிக்கு எனக்கு 300 ரூபாய்க்கு மேல் செலவாகவில்லை.

ஆயுத பூஜையன்று உளிக்கும் இழைப்புளிக்கும் சந்தனம் வைக்கிறோம். கடற்கரை நிலையங்களிலும் வைக்கிறார்கள், பார்த்திருக்கிறேன். அது முடிந்த சில நாட்களில் மழை வந்துவிடும். சந்தனம் வைத்த கையோடு அந்தச் சாமான்களைக் கொட்டகையிலிருந்து எடுத்துக் கழுவிவிடுங்கள் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு ஆறு ஜோடிகள் என் திண்ணையில் படுத்திருக்கின்றன. கழற்றிய திருகாணிகள் ஜோடிக்கொரு பாட்டிலில், நம்பர் ஒட்டி இருக்கின்றன. தை பிறந்ததும் திரும்பப் போகும். என் தங்கை மகன் கால் சரியாகி, போன மாசியில் அதே கடலில், நான் மெழுகு போட்ட பலகையில் ஏறினான். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
மர பாலிஷ் தொழிலாளி ஒருவர்,
தேவகோட்டை