பெரிய டயர் மாட்டி ஏற்காடு ஏறுவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

பிக்கப் வண்டியின் கம்பெனி வீலிலேயே பெரிய ஆல்-டெரெய்ன் (கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற) டயர் மாட்டுவது சேலத்தில் பெருகிவருகிறது. 265/60 ஆர்18-க்குப் (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம், வீல் 18 அங்குலம்) பதில் 265/65 ஆர்18 போட்டால் விட்டம் சுமார் 26 மி.மீ. கூடும், ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 83-ல் ஓடும். அகலம் அதேதான், வீலில் உட்காரும்.

உரசல்தான் தொல்லை. சமதளத்தில் தெரியாது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ஸ்பிரிங்கும் அமுங்கும்போது டயரின் தோள் (ஓர விளிம்பு) மட்கார்டு லைனரில் (மட்கார்டின் உள்உறையில்) தேயலாம். பாரம் ஏற்றி, இருபக்கமும் ஒடித்து, ரிவர்ஸிலும் பார்க்காமல் எந்தக் கடையும் வண்டியை வெளியே விடக் கூடாது.

லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழையதைவிடக் குறையவே கூடாது. ஸ்டெப்னியும் அதே அளவில் வேண்டும். பெரிய டயரால், இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பு (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இன்ஜினே வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிப்பது) சற்றுக் குறையும். ஒரு கியர் குறைத்தே இறங்குங்கள்.

– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்