நினைவாற்றல் மாத்திரை தயாரிப்பவர்களுக்கு ஒரு மகளின் மடல்

வணக்கம்.

என் அம்மா உங்களில் ஒருவர் தயாரித்த நினைவாற்றல் கேப்சூலை ஒன்றரை வருடம் சாப்பிட்டார். எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப் போவதில்லை. பெயர் மாறினாலும் டப்பாவின் மேல் இருக்கும் வாசகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் மறதி வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே பெயர்கள் நழுவும், அடுப்பில் பாத்திரம் கருகும். அப்புறம் அசதி. இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும் களைப்போடுதான் எழுவார். வயதாகிவிட்டது என்று அவரே சொன்னார், நாங்களும் நம்பிவிட்டோம். "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று கேப்சூலை வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.

பாதங்கள் மரத்து, நடை தள்ளாடத் தொடங்கிய பிறகுதான் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்த்தோம். மிகவும் குறைந்திருந்தது. அம்மா பல வருடங்களாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர். அதை நாள்பட எடுத்தால் உணவில் இருக்கும் பி12 உடலில் சேர்வது குறைந்துவிடும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் வயிற்று மாத்திரைகளாலும் இது நடக்கும். பி12 குறைந்தால் சோர்வு வரும், மறதி வரும், கைகால் மரத்துப்போகும். அம்மாவுக்கு மூன்றுமே இருந்தன.

இதில் என்னை இன்னும் உறுத்துவது ஒன்று உண்டு. அந்தக் கேப்சூலில் மூலிகைகளோடு ஃபோலிக் அமிலம் என்ற இன்னொரு பி வைட்டமினும் இருந்தது, பி12 இல்லை. பி12 குறைபாடு பல நேரங்களில் ரத்தசோகையாகத்தான் முதலில் தலைகாட்டும். ஃபோலிக் அமிலம் அதிகமாக உள்ளே போனால் அந்த ரத்தசோகை சரியானது போலத் தெரியும். நரம்புகளில் நடக்கும் சேதம் மட்டும் நிற்காது. இடையில் ஒருமுறை எடுத்த ரத்த அணுக்கள் பரிசோதனையில் அம்மாவுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. அதற்குக் காரணம் உங்கள் கேப்சூல்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இப்படி நடக்கலாம் என்பது மருத்துவ உலகுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும். இதைத் தயாரித்து விற்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

நான் மூலிகைகளுக்கு எதிரி இல்லை. பிரம்மிச் சாற்றை மூன்று மாதம் போலத் தினமும் எடுத்தவர்களுக்கு ஞாபகம் கொஞ்சம் மேம்பட்டதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. சரி, அதை அந்த அளவிலேயே சொல்லுங்கள். கிங்கோ என்ற மரத்தின் இலைச்சாறு விஷயத்தில் பெரிய ஆய்வே நடந்திருக்கிறது. 75 வயதும் அதற்கு மேலும் ஆன மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தினமும் 240 மில்லிகிராம் கிங்கோவும் மற்றொன்றுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, ஏறக்குறைய 6 வருடம் கவனித்தார்கள். முடிவு 2008-இல் வெளிவந்தது. மறதி நோயைக் கிங்கோ தடுக்கவில்லை. அம்மாவின் டப்பாவில் கிங்கோவின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருந்தது.

நல்ல செய்தியும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 2022-இல் வெளியான இன்னொரு ஆய்வில், 65 வயதைத் தாண்டியவர்கள் 3 வருடம் சாதாரண மல்டிவைட்டமின் எடுத்தபோது சிந்தனைத் திறனில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. அதே ஆய்வில் கொக்கோச் சாறு எந்தப் பலனும் தரவில்லை.

"இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது" என்ற வாசகத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். உடலுக்குள் போய் வேலை செய்யும் பொருள் என்றால், அங்கே ஏற்கனவே இருக்கும் மருந்தோடு மோதவும் செய்யும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் கிங்கோ சாப்பிட்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கருத்தடை மாத்திரையின் வேலையையே கெடுத்துவிடும். அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, தைராய்டு ஹார்மோனைக் கூட்டலாம். அதை எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது.

பயோட்டின் என்ற பி வைட்டமினின் கதை இன்னும் சிக்கலானது. அதிக அளவில் எடுத்தால் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே அது மாற்றிக் காட்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. சோர்வுக்குக் காரணம் தேடி ஒருவர் தைராய்டு பரிசோதனைக்குப் போகிறார் என்று வையுங்கள். சோர்வுக்காக விழுங்கிய, பயோட்டின் கலந்த மாத்திரையே அந்த முடிவைப் பொய்யாக்கிவிடலாம். குறைந்த தைராய்டு சரியாக இருப்பது போலத் தெரியும். டப்பாவில் இதைப் பற்றி ஒரு வரி போட்டிருந்தால் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போயிருப்பார்.

அப்புறம், "நாள்பட்ட சோர்வைப் போக்கும்" என்று எழுதுகிறீர்கள். நாள்பட்ட சோர்வு நோய் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. சிறு வேலை செய்தாலும் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உடல் மொத்தமாகச் சரிந்துவிடும். எவ்வளவு தூங்கினாலும் தெம்பு திரும்பாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லி எந்த மருந்தையும், எந்தத் துணைச்சத்தையும் கொடுக்கக் கூடாது என்கிறது. படுக்கையை விட்டு எழ முடியாத ஒருவர் உங்கள் வாசகத்தை எவ்வளவு நம்பிக்கையோடு படிப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. "மறதியோ சோர்வோ சில வாரங்களாகத் தொடர்கிறதா? முதலில் மருத்துவரைப் பார்த்து, பி12, தைராய்டு, இரும்புச்சத்து, சர்க்கரை அளவுகளைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்" என்று முன்பக்கத்தில், கண்ணாடி போடாமல் படிக்கும் அளவு எழுத்தில் அச்சிடுங்கள். "தனிச்சிறப்புக் கலவை, 500 மில்லிகிராம்" என்று மொத்தமாகப் போட்டு மூடாமல், எதில் எத்தனை மில்லிகிராம் என்று பிரித்துக் காட்டுங்கள். எந்தெந்த மருந்தோடு சேரக் கூடாது என்பதையும் அதோடு போடுங்கள். "இது எந்த நோயையும் குணப்படுத்துவதற்கானதல்ல" என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுத உங்களில் பலருக்கு இடம் கிடைத்திருக்கிறதே, இதற்கும் கிடைக்கும்.

அம்மாவுக்கு பி12 ஊசி தொடங்கிய சில வாரங்களில் அசதி விட்டது. பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பாதத்தின் மரமரப்பு மட்டும் முழுதாகப் போகவில்லை. தாமதமாக வந்ததால் இனி அது இப்படியேதான் இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்குகிறார்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்