உன் அளவீடு சரிதான்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. மின்சுற்றைக் கணினியிலேயே கணக்கிட்டுப் பார்க்கும் ஸ்பைஸ் மென்பொருளுக்காக நீ எழுதி அனுப்பிய ஃபைலையும், ஆய்வகத்தில் அளந்து எழுதிய அட்டவணையையும் பார்த்தேன். "எது சரி என்றே தெரியவில்லை அம்மா" என்ற ஒற்றை வரியை விடிகாலை மூன்று மணிக்கு அனுப்பியவள், அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் இதைப் போனில் விளக்கிவிட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

உன் அளவீடு சரி. 1என்4148 டையோடில் 0.1 மில்லி ஆம்பியர் ஓடும்போது 0.48 வோல்ட் என்று குறித்திருக்கிறாய், சிமுலேஷனோ 0.6 வோல்ட் காட்டுகிறது. உடனே மல்டிமீட்டரையும் உன் கையையும் சந்தேகப்பட்டு, மூன்று நிரல்களில் திரும்பத் திரும்ப அளந்திருக்கிறாய். சந்தேகப்பட வேண்டியது அந்த ஃபைலைத்தான். டையோடு மாடலில், அதாவது டையோடின் குணங்களைச் சொல்லும் வரியில், நீ எந்த மதிப்பையும் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் ஸ்பைஸ் தன்னிடம் இருப்பதை எடுத்துக்கொள்ளும்: மின்னழுத்தத்தைத் திருப்பிக் கொடுத்தால் கசியும் தெவிட்டு மின்னோட்டம் 0.01 பைக்கோ ஆம்பியர், மின்னழுத்தத்தோடு மின்னோட்டம் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைக் காட்டும் ஐடியாலிட்டி காரணி 1, டையோடுக்குள்ளேயே இருக்கும் தொடர் மின்தடை பூஜ்யம். அப்படியொரு டையோடு எந்தக் கடையிலும் கிடைக்காது. அதற்கு 1 வோல்ட் கொடுத்துப் பார். 27 டிகிரி வெப்பநிலையில் அறுநூறு ஆம்பியருக்கு மேல் ஓடுவதாகச் சொல்லும்.

இதில் நீ ஏமாந்த இடம் எனக்குப் புரிகிறது. 10 மில்லி ஆம்பியரில் ஒப்பிட்டபோது இரண்டும் பொருந்தியதால் மாடலை நம்பிவிட்டாய். அங்கே அந்த வெற்று மாடல் 0.71 வோல்ட் தரும். 1என்4148-க்குப் பரவலாகப் பயன்படும் மாடல், அதாவது தெவிட்டு மின்னோட்டம் 2.52 நானோ ஆம்பியர், ஐடியாலிட்டி காரணி 1.752, தொடர் மின்தடை 0.568 ஓம் என்பது, 0.69 வோல்ட் தரும். இரண்டு கோடுகளும் அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் எல்லாம் பொருந்துவதுபோலத் தெரிகிறது. 0.1 மில்லி ஆம்பியருக்கு இறங்கினால் 0.60-க்கும் 0.48-க்கும் இடையே பிரிந்துவிடும். 100 மில்லி ஆம்பியருக்கு ஏறினால் 0.77, 0.85 என்று எதிர்த்திசையில் பிரியும். ஆகவே ஒரு புள்ளியை மட்டும் ஒப்பிடாதே. மின்னோட்ட அச்சை லாக் அளவுக்கு மாற்றி வரை; நேர்கோட்டின் சாய்வு ஐடியாலிட்டி காரணியைத் தரும், மேலே அது வளையும் இடம் தொடர் மின்தடையைக் காட்டிக்கொடுக்கும். பள்ளியில் படிக்கும்போதே, என் பாலிடெக்னிக் மாணவர்களின் கிராஃப் தாள்களை எட்டிப் பார்த்து அந்த வளைவு ஏன் என்று கேட்டவள் நீ. என் வகுப்பில் அதை யாரும் கேட்டதில்லை.

பின்னோக்குச் சார்பில், அதாவது மின்னழுத்தத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, சிமுலேஷனில் மின்னோட்டம் 0.01 பைக்கோ ஆம்பியரில் நிலைத்து நிற்காமல், மைனஸ் 10 வோல்ட்டில் 10 பைக்கோ ஆம்பியராகச் சாய்ந்து போவதும் உன் பிழை அன்று. நியூட்டன்-ராப்சன் முறையில் விடையை நோக்கிப் படிப்படியாக நெருங்கும்போது கணக்கு சிக்கிக்கொள்ளாமல் இருக்க, டையோடின் ஒவ்வொரு பி-என் சந்திக்கும் இணையாக ஜிமின் என்ற மிகச் சிறிய கடத்துதிறனை ஸ்பைஸ் தானே வைத்துக்கொள்கிறது. அது ஒரு லட்சம் கோடி ஓம் மின்தடைக்குச் சமம்; நீ பார்த்த சாய்வு அதனுடையது. மேலும், 1 பைக்கோ ஆம்பியருக்குக் கீழ் உள்ள வேறுபாட்டை மென்பொருள் பொருட்படுத்துவதே இல்லை. உண்மையான 1என்4148-இல் 20 வோல்ட் பின்னோக்கு அழுத்தத்தில் 25 நானோ ஆம்பியர் வரை கசியலாம் என்று தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டே சொல்கிறது. டேட்டாஷீட்டை முதலில் படி என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். மாடலைத் தேடும் முன் அதைப் படிக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் கோபப்படுகிறாய், அதனால் டேட்டாஷீட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

படிப்பை நடுவில் நிறுத்தினால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா என்று நீ தம்பியிடம் விசாரித்ததாகக் காதில் விழுந்தது. அதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. ஆனால் இந்த அட்டவணைக்காக அந்த முடிவுக்கு வராதே. 0.48 என்று கருவி காட்டியதை, கணினி வேறு சொல்கிறது என்பதற்காக 0.6 என்று மாற்றி எழுதாமல், அப்படியே குறித்து வைத்திருக்கிறாய். உன் வழிகாட்டி கடிந்துகொண்டிருக்கலாம். அவர் சிமுலேஷன் வரைந்த கோட்டைத்தான் பார்த்திருப்பார், உன் அட்டவணையைப் பார்த்திருக்க மாட்டார். அதை அவரிடம் நீதான் எடுத்துக் காட்ட வேண்டும். வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொள்வது உனக்குச் சிறு வயதிலிருந்தே வழக்கம். அது நல்லதில்லை.

மாடல் வரியைச் சேர்த்து, 0-விலிருந்து 0.9 வோல்ட் வரை 1 மில்லிவோல்ட் படியில் ஸ்வீப் செய்து, லாக் அச்சில் வரைந்து அனுப்பு. ஒரு புள்ளியில் மட்டும் பார்க்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா திருப்பூர் கல்யாணத்துக்குப் போகிறார், திரும்ப இரவாகும். அன்று பகல் முழுக்க நான் வீட்டில் தனியாகத்தான் இருப்பேன். கூப்பிடு. டையோடைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று இல்லை.

அன்புடன்,
அம்மா