கேட்காமல் வந்த கார்டு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்து போட்டுக்கொள்ள அடம்பிடிக்கிறார் என்று படித்துச் சிரித்தேன். நமக்கெல்லாம் மூக்கைப் பிடித்துக் கசப்பு மருந்து ஊற்றியவர்தானே!

இங்கே ஒரு கூத்து. போன மாதம் போர்வை வாங்கப் போனேன். பில் போடும் பெண், "மெம்பர்ல சேர்த்துடட்டுமா மேடம்? இன்னைக்கே பத்து சதவீதம் குறையும்" என்றாள். சரி, போன் நம்பர் வாங்கிக்கொண்டு பாயிண்ட் போடுகிற சமாச்சாரம்தானே என்று தலையாட்டினேன். கார்டு மெஷினை என் பக்கம் திருப்பினாள். பிறந்த தேதி கேட்டது. அப்போதே உறைத்திருக்க வேண்டும், தள்ளுபடிக்கு என் வயது எதற்கு? அப்புறம் வருமானம். பின்னால் நின்றவர் கூடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். திரையில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. அதற்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்குப் பச்சைப் பட்டன். அமுக்கிவிட்டேன்.

பத்து நாளில் தபாலில் ஓர் உறை. உள்ளே என் பெயர் போட்ட கிரெடிட் கார்டு! முன்பக்கம் கடையின் பெயர், பின்பக்கம் நான் வாசலைக்கூட மிதித்திராத ஒரு வங்கி.

கோபத்தில் கொஞ்சம் தேடிப் படித்தேன். 1958-இல் அமெரிக்காவின் ஃப்ரெஸ்னோ நகர மக்களுக்கு பேங்க் ஆஃப் அமெரிக்கா சுமார் 60,000 கார்டுகளை யாரும் கேட்காமலேயே தபாலில் அனுப்பியதாம். விண்ணப்பிக்காதவருக்குக் கார்டு தரக்கூடாது என்று 1970-இல் அங்கே சட்டம் வந்தது. ஆக, இப்போது வேண்டியது நம் விண்ணப்பம். அதைத்தான் வரிசையில் நிற்க வைத்து நம் விரலாலேயே வாங்கிக்கொள்கிறார்கள். "நீங்கதானே மேடம் சம்மதிச்சீங்க" என்று வங்கிக்காரர் போனில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

கார்டை மூடிவிட்டேன். ஆனால் விண்ணப்பித்த தடம் என் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் அப்படியே இருக்கிறது. கூட வந்த தாளில் "ஆறு மாதம் வட்டியில்லை" என்று வேறு. அந்தப் பொடி எழுத்தையும் இந்த முறை விடாமல் படித்தேன். கெடு முடியும் நாளில் துளி பாக்கி நின்றாலும், வாங்கிய முதல் நாளிலிருந்து கணக்குப் போட்டு முழு வட்டியையும் தீட்டிவிடுவார்களாம்.

சண்டை போடத்தான் திரும்பப் போனேன். அதே பெண். குரலைத் தாழ்த்தி, "ஷிப்டுக்கு மூணு கார்டு பிடிக்கணும் மேடம், இல்லைன்னா அடுத்த வாரம் வேலை நேரத்தைக் குறைச்சிடுவாங்க" என்றாள். கல்லாவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெயர்களும் எதிரே பேனாக் கோடுகளும். அவள் பெயருக்கு நேரே இரண்டே கோடு. திட்ட வாய் வரவில்லை. ஆனாலும் 'கிரெடிட் கார்டு' என்ற ரெண்டு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

நீயும் வீட்டுச் சாமான் வாங்கப் போவதாக எழுதியிருந்தாயே. மெஷின் பிறந்த தேதி கேட்டால் சிவப்புப் பட்டனை அமுக்கு, பின்னால் நிற்பவர் முறைத்தால் முறைக்கட்டும். போர்வை என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு வாங்கினேன், நீ வரும்போது ஒன்று உனக்கு.

உன்,
மீனா