வாங்கியவர், விற்றவர், அப்புறம் பயனர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று சின்ன மென்பொருள் நிறுவனத்தை வாங்கிவிட்டது என்ற செய்தி உங்கள் வணிகப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. எத்தனை கோடி டாலர், பங்கு விலை ஏறியதா இறங்கியதா, நிறுவனர்களுக்கு எவ்வளவு கிடைத்தது எல்லாம் அதில் இருக்கும். அந்த மென்பொருளை நம்பித் தினமும் வேலை பார்க்கிறவர்களுக்கு இனி என்ன ஆகும் என்பது மட்டும் இருக்காது. அதையும் நீங்கள் எழுத வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஃப்ரீஹேண்ட் என்ற வரைகலை மென்பொருளுக்கு நடந்ததைப் பாருங்கள். அச்சுத் துறையிலும் விளம்பரத் துறையிலும் பல வடிவமைப்பாளர்களுக்கு அது கையோடு பழகிய கருவி. அதற்கு நேரடிப் போட்டி அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர். ஃப்ரீஹேண்டை விற்றுவந்த ஆல்டஸ் நிறுவனத்தை 1994இல் அடோபி வாங்கியபோது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குறுக்கிட்டது. இரண்டு போட்டியாளர்களும் ஒரே கைக்குப் போகக் கூடாது என்று, ஃப்ரீஹேண்டை அதை உருவாக்கிய ஆல்ட்சிஸ் நிறுவனத்திடமே திருப்பித் தர வைத்தது. ஆல்ட்சிஸை மேக்ரோமீடியா வாங்கியது. 2005இல் அந்த மேக்ரோமீடியாவையே அடோபி சுமார் 340 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. எது நடக்கக் கூடாது என்று முன்பு ஆணையம் தடுத்ததோ, அதுவே பின்வாசல் வழியாக நடந்து முடிந்தது. 2007இல் ஃப்ரீஹேண்டுக்கு இனிப் புதிய பதிப்பு கிடையாது, இல்லஸ்ட்ரேட்டருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்தது. பயனர்கள் ஒன்றுசேர்ந்து 2011இல் வழக்குகூடப் போட்டார்கள். ஆனாலும் ஃப்ரீஹேண்ட் மீண்டு வரவில்லை. மென்பொருள் போனால் அதில் செய்த வேலையும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறது என்பது பலருக்கும் உறைப்பதில்லை. வரைந்த படம் வரைந்தவருடையதுதான். ஆனால் அதைத் திறக்கும் சாவி வேறொருவர் கையில்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2015இல் மைக்ரோசாப்ட் சன்ரைஸ் என்ற நாட்காட்டிச் செயலியையும், வுண்டர்லிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் செயலியையும் வாங்கியது. சன்ரைஸ் மறு ஆண்டே மூடப்பட்டது. வுண்டர்லிஸ்ட் 2020 மே மாதம் வரை தாக்குப்பிடித்தது. மூடுவதற்கு முன், தானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று அதன் நிறுவனர் வெளிப்படையாகக் கேட்டும் பார்த்தார். நடக்கவில்லை. பயனர்கள் தங்கள் பட்டியல்களைப் புதிய செயலிக்கு மாற்றிக்கொள்ள மைக்ரோசாப்ட் வழி செய்து கொடுத்தது, அதைச் சொல்லியாக வேண்டும். டார்க் ஸ்கை என்ற வானிலைச் செயலியை ஆப்பிள் 2020இல் வாங்கியது. அந்த ஆண்டே ஆண்ட்ராய்டில் அது நின்றுபோனது. அதன் தரவை வாங்கி ஓடிக்கொண்டிருந்த மற்ற செயலிகளுக்கும் 2023 மார்ச்சோடு கதவு சாத்தப்பட்டது.

பெரிய நிறுவனம் வாங்காவிட்டால் சின்ன நிறுவனம் எப்படியும் செத்துத்தான் போகும் என்று சிலர் வாதிடுவார்கள். சில இடங்களில் அது உண்மைதான். 2006இல் கூகுள் 165 கோடி டாலர் கொடுத்து வாங்கியிராவிட்டால், காணொளிகளைத் தாங்கும் செலவையும் பதிப்புரிமை வழக்குகளையும் யூடியூப் தனியாகச் சமாளித்திருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் செயலிகளையும் இணையதளங்களையும் வடிவமைக்க உதவும் ஃபிக்மா என்ற மென்பொருளை என்ன சொல்வது? 2022இல் அடோபி அதை 2,000 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பிரிட்டனின் போட்டி ஆணையமும் ஐரோப்பிய ஆணையமும் கேள்வி எழுப்ப, 2023 டிசம்பரில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. ஃபிக்மா செத்துப் போகவில்லை. ஒப்பந்தம் முறிந்ததற்காக 100 கோடி டாலர் பெற்றுக்கொண்டு, 2025 ஜூலையில் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது.

இப்படித் தலைப்புச் செய்தியாகும் ஒப்பந்தங்கள் கொஞ்சம்தான். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட், அமேசான், ஆப்பிள், ஃபேஸ்புக், மைக்ரோசாப்ட் ஆகிய ஐந்தும் 2010 முதல் 2019 வரை, ஆணையத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்கத் தேவையில்லாத வகையில் மட்டும் 616 கொள்முதல்களைச் செய்திருந்தன. அவற்றில் முக்கால்வாசிக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களில் நிறுவனர்களும் முக்கிய ஊழியர்களும் போட்டித் தொழில் தொடங்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. என்னை அதிகம் உறுத்துவது இதுதான். ஒரு செயலியை மூடிவிட்டால், அதை உருவாக்கத் தெரிந்தவர்களே அதுபோல இன்னொன்றைச் செய்துகொடுக்க முடியாமல் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறார்கள்.

சரி, இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது, ஒருமுறை நடந்தும் இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனத்தை ஆரக்கிள் என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியபோது மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் சேர்ந்து கைமாறியது. எண்ணற்ற இணையதளங்கள் அதன்மேல்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஐரோப்பிய ஆணையம் தீவிரமாக விசாரிக்கத் தொடங்கியதும், 2009 டிசம்பரில் ஆரக்கிள் பத்து வாக்குறுதிகளைப் பகிரங்கமாக வெளியிட்டது. இனி வரும் பதிப்புகளையும் திறந்த மூல உரிமத்தில், அதாவது நிரலை யாரும் பார்த்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு, தருவோம் என்பது அவற்றில் ஒன்று. ஐந்து ஆண்டுகள் என்று கால வரையறையும் சொன்னது. அதன் பிறகுதான் 2010 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. இன்னொரு பாதுகாப்பும் பயனர்களுக்கு இருந்தது. மூல நிரல் திறந்தே இருந்ததால், மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரே அந்த நிரலை எடுத்து மரியாடிபி என்ற தனிக் கிளை மென்பொருளைத் தொடங்கிவிட்டார். அதே ஆரக்கிளிடம் வந்து சேர்ந்த ஓபன்ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து லிப்ரேஆபிஸ் பிறந்ததும் இப்படித்தான். ஃப்ரீஹேண்ட் பயனர்களுக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவே இல்லை.

ஆகவே எந்த நாட்டு ஆணையமாக இருந்தாலும், ஒப்புதல் தரும்போது சந்தைப் பங்கை மட்டும் பார்க்காமல் மூன்று விஷயங்களை எழுதி வாங்க வேண்டும். குறைந்தது இத்தனை ஆண்டு அந்த மென்பொருளை நடத்துவோம் என்ற உறுதி. பயனர் தன் தரவை மற்ற மென்பொருள்களில் திறக்கக்கூடிய வடிவில் எடுத்துக்கொள்ளும் வசதி. மூடுவதாக இருந்தால் மூல நிரலை வெளியிடுவது அல்லது நடத்த விரும்புகிறவர்களிடம் ஒப்படைப்பது. மூன்றாவதை நிறுவனங்கள் கடுமையாக எதிர்க்கும். அதில் மற்றவர்களின் உரிமம் பெற்ற பகுதிகளும் கலந்திருக்கும் என்பது நியாயமான சிக்கல்தான். குறைந்தபட்சம் கோப்பு வடிவத்தின் விவரங்களையாவது வெளியிடலாம், அதற்கு அந்தத் தடை பெரும்பாலும் இருக்காது.

உங்களிடம் நான் கேட்பது இதைவிடச் சின்னது. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, வாங்கும் நிறுவனத்திடம் பயனர்களுக்காக ஒரு கேள்வி கேட்டு, வந்த பதிலையும் சேர்த்துப் போடுங்கள். பதில் வராவிட்டால் வரவில்லை என்றே போடுங்கள். அப்புறம் இரண்டு ஆண்டு கழித்து அந்தச் செயலி உயிரோடு இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்து ஒரு செய்தி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்